திரைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்

பால்காரருக்கு மீசை பெரிது, குரல் அதைவிடப் பெரிது. காலையில் சிராங்கூன் ரோட்டில் பால் ஊற்றிக்கொண்டே, அந்த வாரம் பயாஸ்கோப் கூடாரத்தில் ஓடிய படங்களுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அப்போது படங்கள் பேசாது. நடுநடுவே இங்கிலீஷில் எழுத்து வரும், அவ்வளவுதான்.

“புதுப்படம் சப்புன்னு இருக்கு அண்ணே. திங்கக்கிழமை போட்டாங்களே, பழைய குதிரைப் படம், அதான் படம்! அந்த இடதுகைக்காரன் என்னமா கத்தி சுத்துறான்!”

“வலதுகைக்காரன் அண்ணே” என்றேன்.

“நான் பார்த்தப்போ இடதுகைதான்.”

மலிவு டிக்கெட்டில் துணித் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பவர் அவர். அங்கே எல்லாம் இடம் வலமாகத் தெரியும். அவர் கணக்கில் வெள்ளைக்காரர்கள் மொத்தப் பேரும் இடதுகையால் சாப்பிடுகிறவர்கள்.

என் கவலை வேறு. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். முன்பக்கம் உட்கார்ந்தால், என் சலவைச் சட்டையைப் பார்த்துப் படித்தவன் என்று நினைத்து, பக்கத்தில் இருப்பவர்கள் “என்ன எழுதியிருக்கு?” என்று கேட்பார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்வேன். முந்தின நாள், “அம்மா செத்துப்போச்சாம்” என்றேன். அடுத்த காட்சியில் அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். வரிசையே திரும்பி என்னைப் பார்த்தது.

“அந்தப் புதுப்படத்துல அம்மா ஏன் அழுதுச்சு? நீங்க படிச்சிருப்பீங்களே?” என்றார் பால்காரர்.

எனக்கு வியர்த்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தவர், பால் ஊற்றுவதை நிறுத்தினார்.

“பின்னாடி வந்துடுங்க அண்ணே. அங்கே எழுத்தும் திரும்பித்தான் தெரியும். யாரும் யாரையும் படிக்கச் சொல்ல மாட்டாங்க.”

போய்விட்டேன். அன்றிலிருந்து எனக்கும் அந்தக் கத்திக்காரன் இடதுகைக்காரன்தான். ஆனால் மலிவுக்காக மட்டும்தான் அவர் அங்கே உட்கார்ந்தாரா என்று நான் கேட்கவேயில்லை.