எழுநூறு லிட்டர் மெத்தை

என் முட்டாள்தனத்தை நானே முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊர் சொல்லித் தெரிவதைவிட அது கொஞ்சம் கௌரவம். குழாயில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வந்தாலே பெரிது என்றிருந்த ஊரில், எழுநூறு லிட்டர் தண்ணீரை ஒரு மெத்தைக்குள் அடைத்து அதன்மேல் படுத்தவன் நான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், வெளிநாடு போய்வந்த பனியன் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் ஏதாவது ஒன்றோடுதான் திருப்பூருக்குத் திரும்பினார்கள். ஒருவர் காபி மெஷினோடு வந்தார். இன்னொருவர் எதற்கெடுத்தாலும் தோளைக் குலுக்கும் பழக்கத்தோடு வந்தார். நான் ஜெர்மனியில் ஒரு கண்காட்சிக்குப் போய், தங்கிய லாட்ஜில் தண்ணீர் மெத்தையில் தூங்கினேன். கல்யாணத்துக்கு முன்புகூட அப்படித் தூங்கியதில்லை. என் செல்போன் அங்கே வேலை செய்யாததுதான் காரணம் என்று இப்போது தெரிகிறது. அப்போது மெத்தைதான் காரணம் என்று நம்பி ஒன்றை வாங்கி, நான் எடுத்த பழைய நிட்டிங் மெஷின் வந்த கன்டெய்னரிலேயே ஏற்றி வரவழைத்தேன்.

திருப்பூர் ராயபுரத்து வீட்டுப் படுக்கையறையில் அதுவரை என் மனைவியின் சீர்க்கட்டில் கிடந்தது. மாமனார் தன் தோட்டத்து வேம்பை அறுத்து, ஆசாரியைக் கூடவே உட்காரவைத்துச் செய்தது. தலைமாட்டுப் பலகையில் இரண்டு மயில்கள். எங்கள் பக்கம் சீர்க்கட்டில் என்பது மரச்சாமான் இல்லை. பெண் வீட்டாரின் மானம், நாலு காலில் நிற்பது.

"குடோன்ல பத்திரமா வெச்சுக்கறன் அம்மிணி" என்றேன்.

"எங்கப்பா வந்தா அதுலதானுங்க படுப்பாரு. போன் பண்றப்பெல்லாம் கட்டிலு எப்படி இருக்குதுன்னு கேக்கறாரு. நான் அவருகிட்டத் தல குனியற மாதிரி வெச்சுறாதீங்க" என்றாள்.

பத்திரமாகத்தான் வைத்தேன், ஒரு மாதம். அப்புறம் ஒரு ஷிப்மென்ட் அவசரத்தில் என் பனியன் யூனிட்டில் செக்கிங் டேபிள் பத்தவில்லை. கட்டில் சும்மாதானே கிடக்கிறது என்று அதன் கால்களுக்கு அடியில் இரும்புக் குழாய் வைத்து உயர்த்தி, மேலே பலகை அடித்து, டி-சர்ட் செக் பண்ணும் பெண்களிடம் கொடுத்தேன். மயில்கள் அவர்கள் முழங்கையில் இடித்தன. அறுத்தெடுத்தேன். மனைவியிடம் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருடமாக அமையவில்லை.

மெத்தையோ எருமை வளர்ப்பதைவிட அதிக வேலை வாங்கியது. குழாய்த் தண்ணீரில் ஒரு குடம்கூடத் தரமாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டதால் போர்வெல் தண்ணீர் நிரப்பினேன். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து, உள்ளே சேர்ந்த காற்றை அமுக்கி வெளியேற்ற வேண்டும். கைக்குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது போலத்தான். அடியில் ஒரு ஹீட்டர் உண்டு. கரண்ட் போய்விட்டால் கிணற்றில் விழுந்தவன் மாதிரி நடுங்கிக்கொண்டு எழுவேன். தண்ணீர் கெடாமல் இருக்க ஊற்றும் மருந்து ஒரு பாட்டில் மெத்தையோடு வந்தது; ஒரு நாள் தீர்ந்தது. மெத்தை நாற ஆரம்பித்தது. மனைவி பாயையும் குழந்தையையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து மாமனார் போன் செய்தார். கண் டாக்டரைப் பார்க்க வருகிறாராம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் வீட்டில்தான் சாப்பாடு, தூக்கம்.

எனக்கு ஒரே வழிதான் தோன்றியது. மாமனார் தண்ணீர் மெத்தையில் ஒரு தடவை படுத்து மயங்கிவிட்டால் கட்டிலைப் பற்றிக் கேட்க மாட்டார். அதற்கு முதலில் நாற்றம் போக வேண்டும். என் துணிகள் வெளுக்கப் போகும் வீரபாண்டி பிளீச்சிங் பட்டறையில் திருநெல்வேலிக்கார மாஸ்டர் ஒருவர் இருந்தார். அவரிடம் போய் நின்றேன்.

"தண்ணி நாறுதா? இதுக்கா இம்புட்டு தூரம் வந்திய? பெராக்சைடு ரெண்டு மூடி ஊத்துங்க, பளிங்கா ஆயிரும்" என்றார். "ஆமா, எந்தத் தொட்டி அது?"

மெத்தை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஊட்டுத் தொட்டிங்க" என்றேன்.

அவரிடம் வாங்கி வந்து, சனிக்கிழமை நாலு மூடி ஊற்றினேன். எதையும் ஒன்றுக்கு இரண்டாகச் செய்தால் சீக்கிரம் முடியும் என்பது பனியன் தொழிலில் நான் கற்ற ஒரே பாடம். ஊற்றிவிட்டு மெத்தையின் மூடியை இறுக்கினேன். பெராக்சைடு காற்றை விட்டுக்கொண்டே இருக்கும் சரக்கு. பட்டறைத் தொட்டிக்கு மேலே வாய் திறந்திருக்கிறது, காற்று போய்விடும். என் மெத்தைக்கு மூடி போட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெத்தை இட்லி மாதிரி உப்பியிருந்தது. நல்லதுதான், விருந்தாளிக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். மாமனார் சாப்பிட்டுவிட்டு வந்து, ஏறி, படுத்தார். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது. அவர் ஒரு பக்கம் சரிய, மெத்தை மறுபக்கம் எழும்பியது.

"ஏனுங் மாப்பிள்ளை, இதுக்குள்ள ஏதாச்சும் உசுரு இருக்குதுங்களா?"

"இல்லீங் மாமா, காத்துங்க. செத்த இருங்க, எடுத்துடறன்" என்று மூடியைத் திறந்தேன்.

வருடக்கணக்காக அடக்கி வைத்தது போன்ற ஏப்பம் அது. பச்சை நிறத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு கூரை வரை போய், மாமனாரின் வெள்ளை வேட்டியில் இறங்கியது. அவர் உருண்டு கீழே இறங்கினார். அவருக்கு அடி எதுவும் படவில்லை என்பது மட்டும் என் நல்ல காலம். ஈர வேட்டியை உதறிக்கொண்டே கேட்டார்.

"நம்ம கட்டிலு எங்கீங்க? அதுல சாயறன்."

"யூனிட்லீங்" என்றேன். வேறு பொய் தயாராக இல்லை.

"பக்கந்தானுங்களே. வாங்க போலாம்" என்று வேட்டி மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். மனைவியும் குழந்தையோடு கூடவே காரில் ஏறினாள்.

ஷிப்மென்ட் இருந்ததால் ஞாயிறும் யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலைச் சுற்றி ஆறு பெண்கள் நின்று டி-சர்ட்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். மாமனார் குனிந்து பார்த்தார். சட்டத்தைக் கையால் தடவினார். பக்கத்திலிருந்த பெண்ணிடம், "ஆடுதா கண்ணு?" என்றார்.

"ஆடவே ஆடாதுங்கய்யா. ஏறி நின்னு டியூப்லைட்டே மாட்டுனோம்!"

அவர் முகத்தில் பெருமை மாதிரி ஒன்று வந்தது. பிறகு தலைமாட்டுப் பக்கம் கண் போனது. அங்கே ரம்பம் அறுத்த தடம். பலகையைத் தேடி வாசல் சுவர் வரை பார்த்தார். இரண்டு மயில்களும் அங்கே ஆணியில் அறைபட்டு நின்றன. ஒவ்வொரு கழுத்திலும் மூன்று சாப்பாட்டுப் பைகள்.

"இத யாரு அறுத்தது?"

மனைவி ஒரு நொடி மயில்களைப் பார்த்தாள். அவளும் அப்போதுதான் பார்க்கிறாள்.

"நாந்தானுங்கப்பா அறுக்கச் சொன்னேன். கொழந்தைக்குத் தலையில இடிக்குதுன்னு. சும்மா கெடக்கறதுக்கு இவுங்களுக்காச்சும் ஆவட்டும்னு அனுப்பி உட்டேன்."

மாமனார் அவளையே பார்த்தார். அப்புறம் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு, "அதுஞ் சரிதான்" என்று காரை நோக்கி நடந்தார்.

நான் மனைவியின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "என்னயக் காப்பாத்திட்ட அம்மிணி" என்றேன்.

"உங்களுக்காக ஒண்ணும் சொல்லலீங்க."