புங்கமரத்தடிக்கு ஒரு பெஞ்சு

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரம்மா. அவர் புருஷன். பக்கத்து ரூம் ஓவர்லாக் டெய்லர், தேனிப் பக்கத்துக்காரி. கடைசி ரூமுக்குப் புதிதாக வந்த இந்திக்காரப் பெண். நான். என் மனைவி. புதுப் பெஞ்சின் மேல் அவள் மட்டும்தான் இருந்தாள்.

நாங்கள் சாத்தூர் பக்கம். பனியன் கம்பெனி வேலைக்கு வந்து நல்லூரில் வாடகைக்கு இருந்தோம். இரண்டாயிரத்து நாலோ அஞ்சோ. வரிசையாக ஆறு ரூம். எதிரில் வீட்டுக்காரம்மாவின் வீடு. நடுவில் எல்லாருக்கும் பொதுவான மண் வாசல், ஒரு புங்கமரம். வேலை விட்டு வந்ததும் பொம்பளைகள் கை கால் கழுவிவிட்டு மரத்தடியில் உட்காருவார்கள். கீரை ஆய்வதும் அங்கேதான், கம்பெனியைத் திட்டுவதும் அங்கேதான். வீட்டுக்காரம்மாவும் முறத்தோடு வந்து தரையில் உட்காருவார். பொங்கலூரில் தோட்டம் இருக்கிறவர். ஆனாலும் தரைதான்.

என் மனைவி செக்கிங் வேலை பார்த்தாள். மழை நாளில் வேனிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து முட்டி போய்விட்டது. டாக்டர் கட்டுப் பிரித்தபோது சொன்னார், இனிமேல் தரையில் உட்காரக் கூடாது, பாதம் தரையில் படுகிற உயரத்தில்தான் உட்காரணும் என்று.

அதோடு வாசலுக்கு வருவது நின்றது. ரூமுக்குள் கட்டிலில் இருந்துகொண்டு வெளியே பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். வெளியே சிரித்தால் இவளும் உள்ளே சிரிப்பாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

பிளாஸ்டிக் சேர் ஒன்று வாங்கி மரத்தடியில் போட்டேன். உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரம்மா வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இவள் படக்கென்று எழுந்து, வலியோடு நொண்டி உள்ளே வந்துவிட்டாள்.

“என்ன?” என்றேன்.

“அவங்க கீழ உக்காந்திருக்காங்க. நான் அவங்க தலைக்கு மேல உக்காரவா? குடியிருக்கிற வீடுங்க இது.”

இன்னொரு சேர் வாங்கி வீட்டுக்காரம்மாவுக்குப் போட்டேன். “நமக்கு எதுக்குங்க மாஸ்டர் சேரு? மண்ணுல உக்காந்தாத்தான் உக்காந்தாப்புல இருக்கு” என்று சொல்லிவிட்டார். இரண்டு சேரிலும் தண்ணீர்க் குடம் ஏறியது.

அப்போதுதான் பெஞ்சு என்று தோன்றியது. சேர் ஒருத்தருக்கு. பெஞ்சு யாருக்கும் தனியாக இல்லை. நாலு பேர் உட்கார்ந்தால் அவளும் ஓரத்தில் உட்காருவாள்.

வீட்டுக்காரம்மாவின் புருஷனிடம் கேட்டேன். “கல்லுப் பலகை போட்டர்லாமுங்க, சாகற வரைக்கும் கெடக்கும்” என்றார். கல் வெயிலில் காய்ந்தால் ராத்திரி வரை சுடும். உயரம் தப்பினால் குறைக்கவும் முடியாது. வேண்டாம் என்றேன். இரும்பு மழையில் துருப்பிடிக்கும், சேலையில் கறை ஏறும். அதுவும் வேண்டாம்.

கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து நிட்டிங் மெஷின் வந்து இறங்கியிருந்தது. அது வந்த மரப்பெட்டி சுவரோரம் கிடந்தது. நல்ல கெட்டிப் பலகை. ஓனரிடம் கேட்டேன். “எடுத்துட்டுப் போங்க மாஸ்டர், எடம் காலியாகும்” என்றார். ஆணியைப் பிடுங்கிப் பலகைகளை வாடகை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தேன்.

நான் கட்டிங் மாஸ்டர். மரவேலை தெரியாது. ஆனால் அளவு தெரியும் என்று நினைத்தேன். மனைவியைக் கட்டிலில் உட்காரவைத்து இஞ்ச் டேப்பால் முட்டிக்கு அடியிலிருந்து குதிகால் வரை அளந்தேன். பதினாறரை. கணுக்காலில் கூச்சம் என்று டேப்பைத் தட்டிவிட்டாள். திரும்பவும் அளந்தேன். பதினாறரைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். நாலு காலுக்கான கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேல் கட்டையில் சாக்பீஸால் கோடு போட்டேன். துணியை அப்படித்தான் வெட்டுவோம். வாடகை ரம்பம். நாலையும் ஒரே கோட்டில் அறுத்தேன். போல்ட் போட்டு முறுக்கினேன். பலகைக்கு இடையில் மழைத்தண்ணீர் இறங்க விரல் அளவு சந்து விட்டேன். உப்புத்தாளால் தேய்த்தேன். கரையான் ஏறாமல் இருக்கக் காலின் அடியில் மெஷின் கழிவு ஆயிலைத் தடவினேன். சாயங்காலம் மரத்தடியில் கொண்டுபோய் வைத்தேன். ஆடவில்லை.

வீட்டுக்காரம்மா அப்போது வாசலில் இல்லை. “அவங்க வர்றதுக்குள்ள ஒரு தடவை உக்காந்து பாரு” என்றேன். மனைவி கையை ஊன்றி ஏறி உட்கார்ந்தாள்.

கால் தரைக்கு எட்டவில்லை. ரெண்டு பாதமும் தொங்கியது.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பனியன் துணி துவைத்தால் சுருங்கும். அதனால் அளவுக்கு மேல் விட்டுத்தான் வெட்டணும். சுருக்கத்துக்கு ஒரு இஞ்ச், தையலுக்கும் மடிப்புக்குமாக ஒரு இஞ்ச். பதினாலு வருஷமாகக் கை அப்படியே பழகிவிட்டது. கட்டைக்கும் ரெண்டு இஞ்ச் விட்டிருக்கிறேன். மேலே வரும் பலகைக்குக் கனம் ஒரு இஞ்ச். அதைக் கழிக்கவே இல்லை. துணியில் கனம் பார்ப்பது கிடையாது. மொத்தம் மூன்று இஞ்ச் தப்பு. அடுக்கி அறுத்ததால் நாலு காலிலும் ஒரே தப்பு.

ஓவர்லாக்காரியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“யண்ணே, சுருக்கத்துக்கு விட்டீகளா? மரத்துக்கா?”

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மா முறத்தில் சின்ன வெங்காயத்தோடு வந்தார். புருஷனும் பின்னால் வந்தார். என் மனைவி பதறி இறங்கப் பார்த்தாள். கால் எட்டவில்லை, குதிக்க முட்டி விடாது. அப்படியே மாட்டிக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது.

“எறங்காத கண்ணு, உளுந்துருவ!” என்று ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தார் வீட்டுக்காரம்மா. என்னைப் பார்த்து, “ஏனுங்க மாஸ்டர், ஏன் இத்தன ஒசரம்?” என்றார்.

ஓவர்லாக்காரி சொல்லிவிட்டாள்.

“அப்ப இத நாளைக்குத் தண்ணித் தொட்டீல ஊறப் போடுங்க. ரெண்டு தொவ தொவச்சாச் சரியாப் போயிரும்” என்றார் வீட்டுக்காரம்மாவின் புருஷன், சிரிக்காமல். இந்திக்காரப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. தொங்குகிற காலைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. “நீங்க கீழ உக்காராதீங்க அக்கா, நான் எறங்கிடுறேன்” என்றாள்.

வீட்டுக்காரம்மா அவள் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. முறத்தைப் பெஞ்சில் வைத்தார். திரும்பி, ஒரு எம்பு எம்பிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவரும் இவள் உயரம்தான். அவர் காலும் தொங்கியது.

“எம்பட காலும் எட்டுலீங்க. இப்ப யாரு எறங்கறது?” என்றார்.

அப்போதுதான் என் மனைவி சிரித்தாள். வாசலில் அவள் சிரித்து அஞ்சு மாசம் ஆகியிருந்தது. ரெண்டு பேரும் காலை ஆட்டிக்கொண்டே வெங்காயம் உரித்தார்கள். இருட்டிய பிறகு நானும் ஓவர்லாக்காரியும் பிடித்து இறக்கிவிட்டோம்.

மறுநாள் வேலை விட்டு வந்து பெஞ்சைக் கவிழ்த்தேன். காலை ஒவ்வொன்றாக அளந்து, ஒவ்வொன்றாக மூன்று இஞ்ச் அறுத்தேன். ஆயில் தடவி நிமிர்த்தி வைத்தேன்.

வீட்டுக்காரம்மா வந்து நடுவில் உட்கார்ந்தார். “வா கண்ணு” என்றார். என் மனைவி ரூமிலிருந்து தானாக நடந்து வந்து ஓரத்தில் உட்கார்ந்தாள். ஓவர்லாக்காரி அந்தப் பக்கம். இந்திக்காரப் பெண்ணையும் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள்.

நான் குனிந்து தரையில் பட்டிருந்த பாதங்களை எண்ணினேன்.

எட்டு.