துலாவில் ஏறினேன்

நெம்புகோல் மூன்று வகை என்று பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது. எனக்கெதற்குப் படம்? வெள்ளைக்காரன் காலத்தில், திருமுல்லைவாயிலில், எங்கள் கழனிக் கிணற்றிலேயே மூன்றையும் பார்த்துத் தொலைத்தவள் நான்.

கோடையில் தூர்வார என் வீட்டுக்காரர் கிணற்றில் இறங்கியிருந்தார். பக்கச் சுவரிலிருந்து பாறாங்கல் ஒன்று சரிந்து அவர் காலை அமுக்கிக்கொண்டது. அதே நேரம் பாழாய்ப்போன ஊற்றும் திறந்துகொண்டது. உட்கார்ந்தபடி மாட்டிக்கொண்டவருக்கு இடுப்பளவு தண்ணீர். மேலே நானும் மாமியாரும் கொழுந்தனாரும்தான். கூப்பிடு தூரத்தில் வேறு ஒரு ஈ காக்காய் இல்லை.

அவர் கடப்பாரையைக் கல்லுக்கடியில் செருகி, சின்னக் கல் ஒன்றை முட்டுக்கொடுத்துப் பிடியை அழுத்தினார். முட்டு நடுவில், சுமை ஒருபக்கம், கை மறுபக்கம். அது முதல் வகை. முட்டுக்கல் சேற்றில் புதைந்துபோனது.

"டேய், ஏத்தத்த உடுடா!" என்று கத்தினார்.

ஏற்றமும் முதல் வகைதான். நடுவில் தூண், அதன்மேல் துலா, ஒரு நுனியில் கயிற்றில் தொங்கும் தண்ணீர்ச் சால், மறுபக்கம் மிதிக்கிற ஆள். கொழுந்தனார் சாலைக் கழற்றிக் கயிற்றை இறக்கினார். கீழே என் வீட்டுக்காரரோ கடப்பாரைப் பிடியைச் சுவர் இடுக்கில் முட்டி, நுனியைக் கல்லுக்கடியில் விட்டு, நடுவில் கயிற்றைக் கட்டினார். எதைத் தூக்கினாலும் நடுவில் கட்டுவதுதான் எங்கள் ஆட்களின் பழக்கம். அது மூன்றாம் வகை. கல்லின் கனத்தைவிட அதிகமாக இழுக்க வேண்டும். கொழுந்தனார் துலாவின் கோடிவரை நடந்தும் கல் அசையவில்லை. தண்ணீர் மார்புக்கு வந்துவிட்டது.

அம்மிக்கல்லைக் கடப்பாரையால் புரட்டியவள் நான். எனக்குப் பொறுக்கவில்லை.

"யோவ், நடுவுல கட்டாதய்யா! நுனிய கல்லுக்கு அந்தாண்ட தரையில ஊனு! பிடியில கட்டு!"

அப்படியே மாற்றிக் கட்டினார். சுமை நடுவில், பிடி தூரத்தில். இரண்டாம் வகை. கல் லேசாக ஆடியது. அதற்குமேல் எழவில்லை. கொழுந்தனார் ஒல்லிக்குச்சி, கோடியில் நின்று குதித்தும் துலா இறங்கவில்லை.

புடவையை வரிந்து கட்டினேன்.

"அடிப்பாவி! பொம்பள துலாவுல கால வச்சா ஊத்து வத்திப்பூடும்!" என்று மாமியார் என் கையைப் பிடித்தார்.

"வத்தட்டும் அத்தே! கழுத்துக்கு ஏறிக்கினு கீது. வத்தினா உன் புள்ள பொழச்சிக்குவான்!"

உதறிவிட்டு ஏறினேன். தூணருகே என் கனம் ஒன்றுக்கும் ஆகவில்லை. விழுந்தால் விழுகிறேன் என்று கோடிக்குப் போய்க் கொழுந்தனாரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். துலா இறங்கியது. கீழே அவர் அலறினார். கால் வெளியே வந்துவிட்டது.

ஊற்று வற்றவில்லை. அவரைக் கயிற்றில் ஏற்றுவதற்குள் உட்கார்ந்திருந்தால் தலை முழுகும் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது.

மறுநாள் காலை மாமியார் சொம்பில் மஞ்சள் தண்ணீரோடு கிளம்பினார். காலுக்கு மூங்கில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவர் கேட்டார்.

"துலாவக் கழுவப் போறியாம்மா? அப்படியே எங்காலயும் கழுவிடு. அதுவும் பொம்பள தூக்கிக் குடுத்ததுதான்."

மாமியார் சொம்பை வைத்துவிட்டு, அந்தக் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.