மூன்று முறை கூப்பிட்ட பெயர்

குற்றாலத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தோம். தென்காசியிலேயே இறங்கிவிட்டாள் அம்மா. "அருவி எங்கன போயிரப் போவுது? மொதல்ல அந்தக் கோர்ட்டப் பாப்போம்." பழைய முன்சீப் கோர்ட்டு இப்போது அருங்காட்சியகம்.

அங்கேதான் அவள் ஒரு வழக்கில் தோற்றாள். நான் கைக்குழந்தை, அப்பா பட்டாளத்தில். எங்கள் கிணற்றுக்குப் போகும் பாதை தன்னுடையது என்று பக்கத்து வயல்காரர் போட்ட வழக்கு. மூன்று முறை பெயர் கூப்பிட்டும் ஆள் வரவில்லை என்று தீர்ப்பு எதிராகப் போனது. "காலையிலருந்து வராந்தாவுலயே இருந்தேன், என்ன யாரும் கூப்பிடல" என்பாள் அம்மா. "கோர்ட்டுக்குத் தூங்கப் போன ஒரே ஆளு இவதான்" என்று அப்பா சாகும்வரை சிரித்தார். பாதை போனதைக்கூடப் பொறுத்தாள். அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்கவில்லை.

படியருகே செருப்பைக் கழற்றினாள்.

"ஆச்சி, போட்டுக்கிட்டே வாங்க. ஜட்ஜெல்லாம் இப்பக் கெடையாது" என்றார் காவலாளி.

"அவரு இல்லாட்டி என்ன, கட்டடம் இருக்குல்லா."

உள்ளே காலெடுத்து வைத்ததும் அண்ணாந்தேன். எத்தனை உயரம்! தேக்கு உத்தரங்கள் சாரல் வெளிச்சத்தில் கறுத்து மினுங்கின. வந்து நிற்பவனைச் சிறுக்க வைக்கவா இவ்வளவு உயர்த்தினார்கள்? அவன் சொல்லும் பொய்யும் மெய்யும் மேலே போய் ஆறிக்கொள்ளட்டும் என்றா? கழுத்து வலித்தது, கண்ணை எடுக்க முடியவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிவப்புப் பட்டை, பித்தளை வில்லையோடு. வாசலில் நின்று பெயர் கூப்பிடும் டவாலி அணிந்தது. அம்மா அதனிடம் குனிந்து கேட்டாள்: "நெசமாவே என்னக் கூப்பிட்டியா?"

பிறகு என்னிடம் திரும்பினாள். "ஏட்டி, நீ வாசல்ல நின்னு கூப்புடு. நான் அன்னைக்கு இருந்த வராந்தாத் தூணுகிட்ட இருக்கேன். கேக்குதான்னு பாப்போம்."

விண்ணப்பங்களில் எழுதியிருக்கிறேனே தவிர, அம்மாவின் பெயரை வாய்திறந்து சொன்னதே இல்லை. காவலாளியைப் பார்த்தேன்.

"கூப்புடுங்கக்கா, கூட்டம் ஒண்ணும் இல்ல."

முதல் தடவை மெல்லத்தான் கூப்பிட்டேன். ஆனால் கட்டடம் அதை வாங்கிக்கொண்டது. மேலே கொண்டுபோய், மரத்தில் தட்டி, என் குரலைவிடப் பெரிய குரலாக்கி வராந்தா நெடுக அனுப்பியது. புறாக்கள் பறந்தன. மூன்றாம் முறை கூப்பிட்டபோது எனக்கே புல்லரித்தது.

அம்மா அசையவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கலையாம்மா?"

"கணீர்னு கேட்டுது. அன்னைக்கும் இப்படித்தாம்ட்டி கேட்டுது."

"பொறவு?"

"யாரோ ஒருத்தியக் கூப்பிடுதாவன்னு இருந்துட்டேன். பாவம், எங்க போய்த் தொலஞ்சாளோன்னு நெனச்சேன்."

கடையத்திலிருந்து இலத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஊருக்கெல்லாம் அவள் கடையத்தா. பிறந்த வீட்டில் பாப்பா. பத்திரத்தில் இருக்கும் பெயரைக் கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அவளிடம் யாரும் சொன்னதில்லை.

"தூங்கலட்டி நான்" என்றாள். "முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

மறுபடி வாசலைக் கைகாட்டினாள்: "இன்னொருக்கக் கூப்புடு."

கூப்பிட்டேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "இந்தா இருக்கேன் ஐயா!"

அந்தக் குரல் உத்தரங்களில் ஏறி இறங்கும்வரை நானும் காவலாளியும் மூச்சுவிடவில்லை.

"செருப்பு நனையுதுட்டி, எடு" என்றாள் அம்மா.