மூன்றாவது கட்டம்

பட்டறையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. கமான்காரர் என்றால் போதும். லாரியின் பாரம் தாங்கும் கமான் பட்டைகளைக் கழற்றி, வளைவு பார்த்து, அடுக்கிக் கட்டுவது முப்பத்தெட்டு வருடமாக அவர் வேலை. பட்டறை அவருடைய தங்கை வீட்டுக்காரருக்குச் சொந்தம்.

ஒவ்வொரு வண்டிக்கும் நோட்டில் மூன்று கட்டங்கள் போடுவார். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உள்ள உயரம்: பாரம் ஏற்றுமுன், ஏற்றிய பின், புதுப் பட்டை போட்டு வண்டி நூறு கிலோமீட்டர் ஓடி அமர்ந்த பின். புதுப் பட்டை முதல் ஓட்டத்தில் சற்றுத் தணியும். அதை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டுகள் இளகும். அவற்றை மறுபடி முறுக்கி, மூன்றாவது கட்டத்தை நிரப்பினால்தான் அவருக்கு வேலை முடிந்த மாதிரி. கட்டத்துக்குள் எண் மட்டுமே இருக்கும். பக்கத்தில் ஏதாவது குறித்து வைக்கலாமே என்று வெல்டர் ஒருநாள் கேட்டதற்கு, கதை எழுத வேறு நோட்டு வாங்கிக்கொள் என்றார்.

மார்ச் ஒன்பது, திங்கட்கிழமை. பழுதான வண்டிகளை இழுத்துவரும் லாரி ஒன்று தங்கை வீட்டுக்காரருக்கு இருந்தது. அதன் முகப்பில் இரும்புக் காப்பும், கம்பிவடம் சுற்றி வண்டி இழுக்கும் வின்சும் பொருத்தினார்கள். மொத்தம் நானூற்றுப் பத்து கிலோ. முன்பு இருபுறமும் 512 மில்லிமீட்டர் இருந்த உயரம் இடப்புறம் 470, வலப்புறம் 458 ஆகிவிட்டது. வின்ச் மோட்டார் வலப்புறம்.

"மூக்கு தரையை முகருதே கமான்காரரே, எறும்பு புடிக்கவா இந்த வண்டி?" என்றார் டிரைவர்.

இடப்புறம் ஒரு பட்டையும், வலப்புறம் சற்றுக் கனமான பட்டையும் சேர்த்துக் கட்டினார் கமான்காரர். புதன்கிழமை கட்டாயம் கொண்டுவரும்படி டிரைவரிடம் இரண்டு முறை சொன்னார்.

புதன் போனது, வண்டி வரவில்லை. வியாழனன்று தங்கை வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"நான்தான் வரவேணாம்னேன் மச்சான். நல்லா ஓடுற வண்டியைப் படுக்கப் போட்டு எதைத் தடவப் போறீங்க?"

அதற்குப் பிறகும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். மூன்றாவது கட்டம் காலியாகவே இருந்தது.

ஏப்ரல் இரண்டாம் தேதி ஓர் இறக்கத்தில் வலப்புற போல்ட்டுகள் விட்டுக்கொடுத்து, அச்சு நகர்ந்து, லாரி சுவரில் ஏறியது. டிரைவரின் வலது கால் நசுங்கியது.

இன்சூரன்ஸ் ஆள் வரவிருந்த காலையில் தங்கை வீட்டுக்காரர் பேனாவை நீட்டினார்.

"ரெண்டு எண் போட்டுடுங்க மச்சான். ஒரு நிமிஷ வேலை."

"அளக்காததை எப்படி எழுதுறது மாப்பிள்ளை?"

பேனா மாப்பிள்ளையின் சட்டைப் பைக்குள் திரும்பிப் போனது. பதினொரு மணிக்கு வந்த இன்சூரன்ஸ் ஆள் முன்னால் மாப்பிள்ளையே நோட்டைப் பிரித்து, காலிக் கட்டத்தில் விரலை வைத்தார். "முடிக்காம விட்டுட்டாரு சார். வயசாயிடுச்சு, சொந்தக்காரர்னு நானும் கண்டுக்காம இருந்துட்டேன்."

கமான்காரர் நடந்ததைச் சொன்னார். வண்டியைக் கூப்பிட்டதற்கோ தடுத்ததற்கோ எழுத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டார் வந்தவர். முப்பத்தெட்டு வருட நோட்டுகளில் ஒரு வார்த்தை கிடையாது. ஆஸ்பத்திரியில் டிரைவரைக் கேட்டதற்கு, தன்னை யாரும் வரச் சொல்லவில்லை என்றார். அவருடைய வைத்தியச் செலவைப் பார்ப்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வாரமே கமான்காரர் வேலை போய் வீட்டோடு ஆனார். அவருடைய ஸ்பேனர்களையும் நோட்டுகளையும் தங்கைதான் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். உட்காரவில்லை.

"அவர் குணம் உனக்குத் தெரியும்தானே அண்ணா. வண்டி வரலன்னு ஒரு வார்த்தை எழுதி வச்சிருந்தா உன் கை தேஞ்சா போயிருக்கும்?"

அவர் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்து அளவுப்படி அடுக்கினார்.

ஜூலையில் ஒருநாள் மருந்துக்கடை வாசலில் டிரைவரைப் பார்த்தார். அக்குளில் கட்டை. டிரைவர் முதலில் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "நீங்க வரச் சொன்னது எனக்கு மறக்கல. ஆனா எனக்கு இப்பவும் முதலாளிதான் கதி," என்று தரையைப் பார்த்தே சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

ஒவ்வொரு அடிக்கும் வலது தோள் இறங்கி ஏறியது. நாற்பது மில்லிமீட்டர் இருக்கும் என்று கமான்காரரின் கண் தானாகவே கணக்குப் போட்டது. வீட்டுக்குப் போய் நோட்டில் அந்த லாரியின் பக்கத்தைப் பிரித்து, காலிக் கட்டத்துக்கு மேல் பேனாவைப் பிடித்தார். கண்ணால் பார்த்தது அளவு ஆகாது. நோட்டை மூடி வைத்துவிட்டார்.