வெள்ளிக்கிழமைதோறும் ஸ்டார்ட் ஆகும் வண்டி

மச்சானின் வண்டியில், எஞ்சின் ஆயிலைப் பார்ப்பதற்கென்று வலப்பக்கம் அடியில் ஒரு சிறிய வட்டக் கண்ணாடி உண்டு. அந்த வெள்ளிக்கிழமை காலை நான் குனிந்து அதைத் துடைத்துப் பார்த்தபோது உள்ளே தெரிந்தது ஆயிலின் நிறம் இல்லை. பாலை அதிகம் ஊற்றிய டீயின் நிறம். துணியால் இன்னொரு முறை துடைத்தேன். அழுக்கு வெளியே இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசைதான். உள்ளே இருந்தது.

மச்சான் என் லாத்தாவின், அதாவது அக்காவின், கணவர். வளைகுடாவில் ஒரு கிடங்கில் வேலை. போன விடுமுறையில் இந்த வண்டியை வாங்கினார். மணலிலும் கல்பாதையிலும் போவதற்கென்றே செய்த உயரமான பைக். ஆசை தீர ஓட்டுவதற்குள் விடுமுறை முடிந்துவிட்டது. கீழக்கரையில் கடலைப் பார்த்து முடிகிற ஒரு தெருவில், லாத்தா வீட்டு முன்கூடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனார். நான் ராமநாதபுரத்தில் இருக்கிறேன். அதே மாதிரி வண்டியில் சின்னது ஒன்று என்னிடமும் உண்டு. அதற்கான வேலையெல்லாம் நானே செய்து டைரியில் எழுதி வைப்பேன். அதனால் மச்சான் போனில் சொன்னார்: “மாப்ள, ஆயில மாத்தி, ஏர் பில்டர மட்டும் பாத்து வச்சிரு. நான் செவ்வாக்கிழம வந்து எறங்குறேன். வியாழக்கிழம நானும் உங்க லாத்தாவும் கெளம்புறோம். கடலோரமாவே நாகூர் வரைக்கும்.”

இத்தனை வருஷமும் மச்சானின் எந்த வண்டியிலும் ஏறமாட்டேன் என்று சொல்லி வந்த லாத்தா, இந்த முறை சரி என்றிருந்தாள். தேவிபட்டினம் தாண்டி, தொண்டி தாண்டி, நெடுந்தூரத்துக்கு ஒரு பக்கம் உப்பளமும் இன்னொரு பக்கம் கருவேலமுமாகக் கிடக்கிற சாலை அது. அங்கே எஞ்சின் இறுகி நின்றால் இருவரும் என்ன செய்வார்கள் என்பதைத்தான் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆயில் பால்நிறம் ஆனால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். அது இரண்டு வழிகளில் வரலாம். ஒன்று, எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர் உள்ளுக்குள் கசிந்து ஆயிலில் சேர்வது. அப்படியானால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். மதுரைக்குக் கொண்டு போக வேண்டும். உதிரி பாகம் வருவதற்குள் மச்சானின் விடுமுறை முடிந்துவிடும். இன்னொன்று, எங்கள் தெருக்களின் வழக்கம்.

வெளிநாடு போனவர்களின் வண்டிகளை எங்கள் பக்கத்தில் யாரும் ஓட்டமாட்டார்கள், ஆனால் சாகவும் விடமாட்டார்கள். வாரம் ஒருமுறை, ஜும்ஆ தொழுகை முடிந்ததும், வீட்டில் இருப்பவர் வண்டியை ஸ்டார்ட் செய்வார். தெருவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சத்தம் கேட்கும், அடங்கிவிடும். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்பதுதான் காரணம். லாத்தா வீட்டில் இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அந்த நேரத்தில் மச்சான் வீடியோவில் கூப்பிடுவார். லாத்தா நடுஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் சாவியைத் திருப்பி, போனைப் புகைக்குழாய்ப் பக்கம் நீட்டிப் பிடிப்பாள். மச்சான் அங்கே கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு அவரே “போதும், அணைச்சிரு” என்பார்.

எஞ்சினுக்கு அந்தச் சில நிமிஷம் போதாது. சூடேறத் தொடங்குவதற்குள் அணைத்துவிட்டால் உள்ளே உண்டாகும் நீராவி வெளியேறாமல் வேர்த்து ஆயிலிலேயே இறங்கும். கடலோரக் காற்றின் ஈரமும் சேரும். எரியாத பெட்ரோலும் கொஞ்சம் சேரும். வண்டிக்கு நல்லது என்று வாரம் தவறாமல் செய்த காரியம், வாரம் தவறாமல் தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறது.

இது அந்த வழக்கத்தின் தண்ணீரா, கசிவின் தண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை. குளிர்நீர்த் தொட்டியைப் பார்த்தேன். இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தது. சரியான அளவுதான். ஆனால் முன்பு இதைவிட மேலே இருந்ததோ என்று ஒரு சந்தேகம். டைரியைப் புரட்டினேன். போன தடவை இந்த வண்டிக்கு டயர்க் காற்றைக் குறித்திருந்தேன், செயினின் தொய்வைக் குறித்திருந்தேன். தொட்டியின் அளவைக் குறிக்கவில்லை.

“என்னலே, வண்டிகிட்ட ஓதிக்கிட்டு இருக்க?” என்று லாத்தா டீ கொண்டு வந்தாள்.

“ஒண்ணுமில்ல லாத்தா.”

“ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படி இருக்கு? மய்யத்து வீட்டுக்கு வந்தவன் மாதிரி.”

டீயின் நிறத்தைப் பார்த்ததும் குடிக்கப் பிடிக்கவில்லை.

அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடித்தேன். தட்டில் விழுந்தது நீர்த்துப் போயிருந்தது. பெட்ரோல் வாடையும் அடித்தது. விரலில் தொட்டுத் தேய்த்து, இரும்புப் பொடி மினுங்குகிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மினுங்கவில்லை. கொஞ்சம் மூச்சு வந்தது.

முழுதாக வடியட்டும் என்று விட்டுவிட்டு ஏர் பில்டரைத் திறந்தேன். சீட்டைக் கழற்றி, பெட்டியின் மூடியை எடுத்தால் காற்று உள்ளே வருகிற பக்கம் முழுக்க மாவு போல மணல். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தெருவில் மணல் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். மணல் அந்தப் பக்கம் இருப்பதில் தவறில்லை, அதைத் தடுக்கத்தான் பில்டர் இருக்கிறது. ஆனால் பில்டரின் விளிம்பு பெட்டியோடு ஒட்டி உட்காரும் இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் மணல் அந்த வழியே எஞ்சினுக்குள் போய், பிஸ்டனை அரம்போல் அறுத்துவிடும். வெள்ளைத் துணியை விரலில் சுற்றி எஞ்சின் பக்கத்துக் குழாயின் உள்சுவரைத் துடைத்தேன். லேசாகக் கறுப்பு ஒட்டியது. அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக் காதோரம் தேய்த்தேன். மணல் இருந்தால் நறநறக்கும். கேட்கவில்லை. லாத்தாவிடம் மிக்சியை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி தேய்த்தேன். அப்போதும் கேட்கவில்லை.

பெட்டியைத் துடைத்து, புது பில்டரை எடுத்து, அதன் ரப்பர் விளிம்பு முழுவதும் தண்ணீரில் கரையாத கிரீஸை விரல்நுனியால் மெல்லிய கோடாகத் தடவினேன். அதிகம் தடவினால் பிதுங்கி உள்ளே போகும். குறைந்தால் மணல் போகும்.

“கண்ணுக்குச் சுருமா போடுற மாதிரியில்ல போடுற” என்றாள் லாத்தா. “ஒன் கல்யாணத்தன்னிக்கு நீயே இவ்வளவு பக்குவமாப் போட்டுக்கிடல.”

பில்டரை வைத்து, நான்கு பக்கமும் கட்டைவிரலால் அழுத்தி, வெளியே எடுத்துப் பார்த்தேன். பெட்டியின் விளிம்பில் கிரீஸ் சுற்றிலும் அறுபடாமல் பதிந்திருந்தது. திரும்ப வைத்து மூடினேன். ஒருவேளை இரண்டாம் முறை வைத்தது சரியாக உட்காரவில்லையோ என்று திறந்து, மறுபடி மூடினேன். மூன்றாம் முறை திறக்கப் போனபோது லாத்தா மூடியின் மேல் கையை வைத்துவிட்டாள்.

கீழே போல்ட்டை இறுக்கி, ஆயில் வடிகட்டியையும் மாற்றிவிட்டு, புது ஆயில் டப்பாக்களைப் பையிலிருந்து எடுத்தேன். முந்தின நாள் ராமநாதபுரம் கடையில் வாங்கியவை. இரண்டும் ஒரே நிறம், ஒரே உயரம். ஊற்றுவதற்கு முன் வழக்கம்போல் பின்பக்கத்தைப் படித்தேன். முதல் டப்பா பைக்குக்கானது. இரண்டாவது காருக்கானது. பைக்கில் கிளட்ச் தட்டுகளும் எஞ்சின் ஆயிலிலேயே முழுகிக் கிடப்பவை. கார் ஆயிலின் வழவழப்பில் அவை வழுக்கும். எஞ்சின் உறுமும், வண்டி நகராது. ஒரு டப்பா மட்டும் அந்தப் பெரிய எஞ்சினுக்குக் காணாது.

அதற்குள் ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது. தெருவில் கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. கையைக் கழுவி, குளித்து, பள்ளிக்குப் போனேன். இமாமின் குத்பா உரையில் ஒரு வார்த்தையும் மனதில் நிற்கவில்லை.

திரும்பி வரும்போது லாத்தா போனோடு வண்டிப் பக்கத்தில் நின்றாள். சாவி கையில் இருந்தது.

“லாத்தா, சாவியத் தொடாத. உள்ள ஆயில் இல்ல.”

“ஒரு நிமிஷந்தான்லே. அவுங்க லைன்ல இருக்காக.”

“அர நிமிஷம்னாலும் எஞ்சின் போயிரும்.”

போனிலிருந்து மச்சானின் குரல் வந்தது. “என்னா மாப்ள, சத்தத்தக் காணோம்?”

ஆயில் போதவில்லை என்று மட்டும் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் கசிவு இருந்தால் செவ்வாய்க்கிழமை அவருக்கு எப்படியும் தெரியப்போகிறது. போனை வாங்கிக்கொண்டு கூடத்தின் ஓரத்துக்குப் போய், கண்ணாடியில் பார்த்ததைச் சொன்னேன். இரண்டு காரணங்களையும் சொன்னேன். லாத்தா பின்னாலேயே வந்து நின்றது பேசி முடித்த பிறகுதான் தெரிந்தது.

“அப்ப நான் ஸ்டார்ட் பண்ணதுதான் கெடுத்துச்சா?” என்றாள்.

“நாந்தான பண்ணச் சொன்னேன்” என்றார் மச்சான். “அவ பண்ணமாட்டேன்னுதான் சொன்னா.” பிறகு, “எது காரணம்னு எப்புடி மாப்ள தெரியும்?” என்று கேட்டார்.

“புது ஆயில் ஊத்தி, நல்லாச் சூடேற அளவுக்குத் தூரமா ஓட்டணும் மச்சான். அப்புறம் நிறுத்திப் பாக்கணும். திரும்பப் பால் மாதிரி ஆச்சுன்னா கசிவு.”

“ஆச்சுன்னா?”

“நாகூருக்குப் பஸ்ல போகலாம்.”

அவர் சிரிக்கவில்லை. லாத்தாவும் சிரிக்கவில்லை.

மூன்று மணிக்கு மேல் கடைகள் திறந்தன. பஜாரில் தேடி, அதே தடிமன் குறித்த பைக் ஆயிலையே வாங்கி வந்தேன். கடைக்காரர் நம்ம ஊர் வெயிலுக்குத் தடித்தது போடச் சொன்னார். வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பதே போதும் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஊற்றி, ஸ்டார்ட் செய்து, அணைத்து, அளவு பார்த்தேன். கண்ணாடியில் தேன்நிறம். புது ஆயில் அப்படித்தான் இருக்கும், அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

நான் கிளம்பும்போது லாத்தா புர்காவைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

“நீ எதுக்கு?”

“கெடுத்தது நானு. நீ மட்டும் போயி பாத்துட்டு வந்து, நல்லாத்தான் இருக்குன்னு பொய் சொல்லுவ.”

சீட் அவளுக்கு மிக உயரம். நாற்காலி போட்டுத்தான் ஏறினாள். திருப்புல்லாணி வழியாக ராமநாதபுரம் போய், அங்கிருந்து தேவிபட்டினம் சாலையில் திரும்பினேன். சூடு காட்டும் முள் மெல்ல ஏறி நடுவில் நின்றது. கிளட்ச் வழுக்கவில்லை. எஞ்சினில் ஏதோ தட்டுவதுபோல் கேட்டது. வேகத்தைக் குறைத்தேன், சத்தம் நிற்கவில்லை. பிறகுதான் அது லாத்தாவின் பையில் இருந்த சாவிக்கொத்து என்று தெரிந்தது. அவள் போனில் மச்சானோடு பேசிக்கொண்டிருந்தாள். “காத்துதான் கேக்குதா? அப்ப வச்சிருங்க. எனக்கு ஒரு கையால புடிக்க முடியல.”

தேவிபட்டினத்தில் கோயிலுக்குப் போகும் யாத்ரீகர் பஸ்கள் நிற்கும் இடத்துக்கு அப்பால், சமதளமான இடம் பார்த்து நிறுத்தினேன். ஆயில் கீழே இறங்குவதற்குச் சற்று நேரம் விட வேண்டும். லாத்தா இறங்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள்தான் முதலில் வண்டியின் வலப்பக்கம் குத்த வைத்து உட்கார்ந்து, போன் வெளிச்சத்தைக் கண்ணாடியில் அடித்தாள்.

“என்ன கலர் லாத்தா?”

“நீயே பாரு. நான் சொன்னா நம்பவா போற?”

குனிந்தேன். தேன்நிறம்தான். மேல் விளிம்பில் மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு வெண்மை தெரிந்தது. பழைய ஆயிலின் மிச்சமாக இருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்ற சொல்லை லாத்தா விடவில்லை.

“நாளைக்கும் ஓட்டுவோம்” என்றாள். “நாளான்னிக்கும். அந்த வெள்ள போற வரைக்கும் ஓட்டுவோம். போகலேன்னா செவ்வாக்கிழம நான் சொல்லிக்கிறேன் அவுககிட்ட.”

திரும்ப ஏறுவதற்கு அங்கே நாற்காலி இல்லை. ஒரு உடைந்த படகின் பக்கத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.