படத்தில் வெடித்த முந்நூறு டன்

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். கல்குவாரியில் வெடி வைத்த கை மட்டும் சும்மா இருக்குமா? என் வீட்டுக்காரர் அந்த வேலையை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போது சினிமாவிலோ படக்கதையிலோ எங்கே குண்டு வெடித்தாலும் ஸ்கேலும் கால்குலேட்டருமாக உட்கார்ந்துவிடுவார். படத்தில் ஒரு கதவு தெரிந்தால் போதும். கதவு இரண்டு மீட்டர், புகை இத்தனை கதவு உயரம், அப்படியென்றால் இத்தனை டன் வெடிமருந்து என்று சொல்லிவிடுவார். இல்லாத குண்டுக்கு எடை போடுகிற மனுஷனோடு குடித்தனம் நடத்துவது லேசா?

எங்கள் மகள் படக்கதை வரைகிறவள். அன்று மாலை ஐந்து மணிக்குள் கடைசி அத்தியாயத்தை அனுப்பியாக வேண்டும். அதில் ஒரு கிடங்கு வெடிக்கிறது. கதாநாயகியான சிறுமி சுவருக்குப் பின்னால் ஒளிந்து பிழைத்துக்கொள்கிறாள். இவர் அளந்து பார்த்து முந்நூறு டன் என்றார். சுவர் இருநூறு மீட்டரில்தான் இருக்கிறது, அது இடிந்து பிள்ளை மேலேயே விழும், அவளைத் தள்ளி வை என்றார்.

மாற்றினால் மூன்று பக்கம் திரும்ப வரைய வேண்டும் என்று மகள் மறுத்தாள். கதைக்குக் கால் உண்டா என்று நானும் அவள் பக்கம் பேசினேன். அவருக்கோ இருப்புக் கொள்ளவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார். மறுபடி அளந்தார், அதே கணக்குதான் வந்தது. மணி மூன்றாகிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கதைதானேப்பா? விடுங்க," என்றாள் மகள்.

அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். "உன் மாமாகிட்டயும் எறநூறு மீட்டர் போதும்னு நான்தாம்மா சொன்னேன். கல்லு அவ்ளோ தூரம் வராதுன்னேன்."

மாமா என்றால் என் தம்பி. அதே குவாரியில் லாரி ஓட்டினான். வெடியில் பறந்து வந்த கல் தலையில் விழுந்து செத்துப்போனான். தூரம் சொன்னது யார் என்று குவாரி ஆட்கள் அந்த வாரமே என் காதில் போட்டுவிட்டார்கள். இவர் வாயால் வரட்டும் என்றுதான் பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்தேன். வந்தபோது கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"அந்தப் பொண்ணத் தள்ளி வைடி," என்றேன் மகளிடம். "எவ்ளோ தூரம்னு அப்பாவக் கேளு."